ஹெரால்டு மார்க் 3 பின் கதவு: அடிப்பாகம் முழுக்கத் துரு, புதிதாகச் செய்ய வழி சொல்லுங்கள்

#1 மடிப்பாக்கம் ஹெரால்டு

எல்லோருக்கும் வணக்கம். அப்பா வைத்திருந்த 1969 ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3 இப்போது என்னிடம் இருக்கிறது. நாலு கதவு வண்டி. பெருங்களத்தூர் தொழிற்சாலையில் பிறந்தது. என் வீட்டிலிருந்து அந்த இடம் 20 கிலோமீட்டர் கூட இருக்காது.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பெயிண்ட் கடையில் விட்டு, பளபளவென்று வாங்கி வந்தேன். போன மழைக்காலம் முடிந்ததும் வலது பின் கதவின் கீழே நகக்கண் அளவுக்கு ஒரு கொப்புளம் தெரிந்தது. ஸ்க்ரூ டிரைவர் முனையால் லேசாகத் தொட்டேன், சர்ரென்று உள்ளே போய்விட்டது. சுரண்டச் சுரண்ட பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்பப் பூசும் பசை. பட்டிக்கு அடியில் ஃபைபர் துணி. அதற்கும் அடியில் ஈரத்தில் ஊறிய செய்தித்தாள் உருண்டைகள். கதவின் கீழ்ப்பகுதியில் நாலு அங்குல உயரத்துக்குத் தகடு என்று சொல்ல எதுவுமே இல்லை. அப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்து அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

இந்த வண்டியின் மூல வடிவமான டிரையம்ஃப் ஹெரால்டுக்கு இங்கிலாந்தில் இன்றும் பாடி பாகங்கள் செய்து விற்கிறார்கள். ஆனால் அங்கே ஓடியது இரண்டு கதவு வண்டி. நாலு கதவு ஹெரால்டு இந்தியாவுக்கென்றே செய்தது, அதனால் பின் கதவுக்கு அங்கே கேட்டுப் பயனில்லை. பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் இரண்டு சனிக்கிழமை அலைந்தேன். கிடைத்த ஒரே கதவும் என்னுடையதைவிட மோசம்.

எங்கள் பக்கத்து டிங்கர், இடது கதவை வைத்து அச்செடுத்து ஃபைபரிலேயே முழுக் கதவு போட்டுவிடலாம் என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. தகட்டிலேயே செய்ய முடியுமா? செய்தவர்கள் சொல்லுங்கள்.

#2 ஆவடி அம்பாசிடர்

முதலில் ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி வண்டி முழுக்க நகர்த்திப் பாருங்கள். ஒட்டாத இடமெல்லாம் பட்டிதான். சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டே வாருங்கள். ஒரு கதவில் செய்தித்தாள் வைத்தவர்கள் மற்ற கதவை மட்டும் விட்டிருக்க மாட்டார்கள்.

#3 மடிப்பாக்கம் ஹெரால்டு

பார்த்தேன். இடது பின் கதவில் தகடு இருக்கிறது, கீழ் மடிப்பில் மட்டும் துளைகள். முன் கதவுகள் பரவாயில்லை. பானட் முழுக்கக் காந்தம் ஒட்டுகிறது. பின் மக்கார்டில் இரண்டு இடத்தில் வட்டம் போட்டிருக்கிறேன்.

#4 கோவை பட்டறை

தம்பி, நான் 38 வருடமாக டிங்கரிங் வேலை செய்கிறேன். மகன் டைப் செய்கிறான், நான் சொல்லச் சொல்ல.

தகட்டில் தாராளமாகச் செய்யலாம். அந்த வண்டியை இங்கிலாந்தில் உருவாக்கிய கதையே உங்களுக்குத் துணை. 1950களில் ஸ்டாண்டர்டு டிரையம்ஃப் கம்பெனிக்கு முழு பாடி அடித்துக் கொடுக்க ஆள் கிடைக்கவில்லை. அதற்கு பாடி கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோவை 1953-இல் போட்டிக் கார் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. அதனால்தான் தனி சேசிஸ் போட்டு, பாடியைத் துண்டு துண்டாகச் செய்து போல்ட்டில் பூட்டினார்கள். உருவம் வரைந்து கொடுத்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. 1959-இல் வண்டி வெளிவந்தது. இதனால் நமக்கு என்ன லாபம் என்றால், ஒரு பாகம் கெட்டால் அதை மட்டும் கழற்றிப் பட்டறை மேஜையில் வைத்து வேலை பார்க்கலாம். மற்ற பல வண்டிகளில் இந்த அளவு வசதி கிடையாது.

முழுக் கதவு செய்யாதீர்கள். மேல்பகுதி நல்ல தகடு, கண்ணாடி ஓடும் சட்டம், கீல், பூட்டு எல்லாம் கம்பெனி அளவில் அப்படியே இருக்கிறது. அதை வெட்டி எறிந்துவிட்டால் அந்த அளவுகளைத் திரும்பப் பிடிக்க ஒரு மாதம் ஆகும். கெட்டதை மட்டும் வெட்டுங்கள். நல்ல தகடு ஒரு அங்குலம் கிடைத்தாலும் அதை விடக்கூடாது.

தகடு 20 கேஜ், அதாவது 0.9 மில்லி, குளிர்நிலையில் உருட்டிய சி.ஆர். ஷீட். கடையில் ஐ.எஸ். 513 என்ற இந்தியத் தரநிலையில் ஈ.டி.டி. தரம் என்று கேட்டு வாங்குங்கள். அதுதான் இழுத்தால் கிழியாமல் நீளும். ஏ.சி. டக்ட் செய்யும் ஜி.ஐ. ஷீட்டைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், வேண்டாம். வெல்டிங் வைக்கும்போது அதிலுள்ள துத்தநாகம் புகைந்து நெஞ்சைப் பிடிக்கும், ஒட்டும் சுத்தமாக வராது.

இடது கதவு தகடு என்றீர்கள் இல்லையா, அதுதான் உங்கள் அச்சு. கெட்டி அட்டையில் ஆறு அங்குலத்துக்கு ஒன்றாகக் குறுக்குவெட்டு டெம்ப்ளேட் வெட்டி, கதவின் வளைவில் வெளிச்சம் தெரியாதபடி உட்காரும் வரை கத்தரித்துக்கொண்டே வாருங்கள். அப்புறம் அதைத் திருப்பிப் போட்டால் வலது கதவு. ஆனால் ஒன்று, கையால் பூட்டிய வண்டியில் இடதும் வலதும் நூற்றுக்கு நூறு ஒன்றாக இருக்காது, மூன்று நான்கு மில்லி வித்தியாசம் வரும். கதவு வளைவை டெம்ப்ளேட்டில் பாருங்கள், ஓர அளவை மட்டும் வலது பக்க வாசலில் வைத்துப் பாருங்கள்.

அடிப்பது இரும்புச் சுத்தியால் அல்ல. மணல்மூட்டை மேல் தகட்டை வைத்து, புளியமரக் கொட்டாப்புளியால் ஓரத்திலிருந்து உள்நோக்கி மெதுவாகப் போக வேண்டும். கதவு அடியில் வளைவு கொஞ்சம்தான். பத்து அடி அடித்துவிட்டு டெம்ப்ளேட்டை வைத்துப் பாருங்கள். அதிகமாக நீண்டுவிட்டால் திரும்பச் சுருக்குவது இரண்டு மடங்கு வேலை.

#5 ஃபைபர் நண்பன்

ஐயா மேல் மரியாதையோடு கேட்கிறேன், ஃபைபரில் என்ன தப்பு? 1953-இலேயே அமெரிக்காவில் கார்வெட் ஃபைபர் பாடியோடு வந்தது. துரு பிடிக்காது, எடை குறைவு, அச்சு ஒரு தடவை செய்துவிட்டால் பத்து பேருக்குக் கதவு கொடுக்கலாம். நம் கடற்கரைக் காற்றுக்கு அதுதான் சரி. தகட்டில் செய்தால் பத்து வருடத்தில் மறுபடியும் இதே கதை. நான் என் பழைய ஜீப்புக்கு மக்கார்டு ஃபைபரில் போட்டு ஏழு வருடம் ஆகிறது, ஒரு கீறல் இல்லை.

#6 கோவை பட்டறை

ஜீப் மக்கார்டுக்கு நல்லதுதான், நானே போட்டுக் கொடுத்திருக்கிறேன். அதன் மேல் பாரம் இல்லை. கதவு அப்படி இல்லை. தினமும் இழுத்துச் சாத்துகிறோம், பூட்டு நாக்கு அதில் மோதுகிறது, கண்ணாடி ஏற்றி இறக்கும் எடை அதில் தொங்குகிறது. கார்வெட் பாடியை ஃபைபருக்கென்றே யோசித்து, எங்கெங்கே கனம் வேண்டுமோ அங்கெல்லாம் கூட்டிச் செய்தார்கள். இரும்புக் கதவின் அச்சில் ஃபைபர் ஊற்றினால் இரும்புக்கு யோசித்த வடிவம்தான் கிடைக்கும், பலம் கிடைக்காது. கீல் போல்ட்டைச் சுற்றித்தான் முதலில் வெடிப்பு வரும்.

பத்து வருடத்தில் துரு திரும்ப வரும் என்பதற்கும் பதில் சொல்கிறேன். கதவு துருப்பிடித்தது தகட்டின் குற்றம் அல்ல. கண்ணாடி ஓரமாக உள்ளே இறங்கும் மழைத்தண்ணீர் வெளியே போக, அடியில் கம்பெனியே துளை விட்டிருக்கிறது. அந்தத் துளையைப் பட்டியால் அடைத்து, செய்தித்தாள் வைத்துத் தண்ணீரை உள்ளேயே தேக்கிவிட்டார்கள். துளை திறந்திருந்து, உள்ளே மெழுகு அடித்திருந்தால் அந்தக் கதவு தம்பியின் பிள்ளைகள் காலம் வரை வரும்.

#7 ஃபைபர் நண்பன்

கீல் விஷயத்தை நான் யோசிக்கவில்லை. மக்கார்டையும் கதவையும் ஒன்றாகப் பேசியது தப்புதான். ஆனால் வெளியே தெரியாத இடங்களில், ஏர் வென்ட் டக்ட் மாதிரி பாகங்களுக்கு ஃபைபர் போடலாம் என்பதில் மாற்றம் இல்லை.

#8 சட்டம் படித்தவன்

இன்னொரு கோணமும் இருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் வின்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி சேர்த்தார்கள். முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய இருசக்கர, நான்கு சக்கர வண்டிகள் அதில் வரும். ஆனால் வண்டி முதலில் இருந்த வடிவிலேயே இருக்க வேண்டும். சேசிஸ், பாடி, எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. புதிதாகப் பதிந்தால் எண்ணில் 'வி.ஏ.' எழுத்துகள் வரும், கட்டணம் 20,000 ரூபாய். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். வின்டேஜ் என்று பதிந்த வண்டியை தினசரி ஓட்டத்துக்குப் பயன்படுத்தக் கூடாது.

துருப்பிடித்த இடத்தை அதே உலோகத்தில், அதே வடிவில் சரிசெய்வது பழுதுபார்ப்பு என்பது என் புரிதல். முழுக் கதவையே வேறு பொருளில் மாற்றினால் பரிசோதனைக்கு வருபவர் கேள்வி கேட்க இடம் இருக்கிறது. எப்படியும் ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுத்து வையுங்கள். வெட்டுவதற்கு முன், வெட்டிய பின், புதுத் தகடு வைத்த பின்.

பழைய வண்டிகளுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா 2012-இல் ஏற்றுக்கொண்ட டூரின் சாசனமும் இதைத்தான் வலியுறுத்துகிறது. இருப்பதைக் காப்பாற்றுவது முதல் வேலை, மாற்றிய பாகத்தில் பிற்காலத்தவர் கண்டுபிடிக்க அழியாத அடையாளம் விடவேண்டும் என்கிறது. எனக்கு அதில் பெரிய மதிப்பு. நாம் செய்ததை மறைக்காமல் விட்டுப் போவது வண்டிக்கு நாம் செய்யும் மரியாதை.

#9 யாழ் மைனர்

வணக்கம் அண்ணை. யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் ஒரு மொறிஸ் மைனர் இருக்கிறது, இன்றைக்கும் ஓடுகிறது. போர்க்காலத்தில் பொருளாதாரத் தடை இருந்தபோது பெற்றோல் இல்லை. கொஞ்சம் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினோம். எஞ்சினுக்கே அந்த நிலை என்றால் பொடிக்கு, அதுதான் பாடிக்கு, தகடு எங்கே வாங்குவது? எங்கள் அப்பா தார்ப் பீப்பாயை வெட்டி விரித்து, தாரை எரித்துவிட்டு, அந்தத் தகட்டில்தான் மட்காட்டின் கீழ்த்துண்டு அடித்தார். தார் எரியும் மணம் எனக்கு இன்னும் மூக்கில் நிற்கிறது. அந்தத் துண்டு இன்றைக்கும் வண்டியில் இருக்கிறது. மாற்றச் சொல்லிப் பலர் சொன்னார்கள், நான் மாற்றவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மைனர் தயாரிப்பு 1971-இல் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரத்து மொறிஸ் மைனர் சென்டர்காரர் இலங்கையில் உள்ளவர்களோடு சேர்ந்து, இங்கேயே மைனருக்கான பொடிப் பாகங்களைச் செய்வித்து இங்கிலாந்துக்கு எடுத்தார்கள். இங்கிலாந்துக் காருக்கு இங்கத்தைய கைகள் பாகம் செய்து அனுப்பியிருக்கின்றன. ஆகவே எங்களால் ஏலாது என்று ஒருநாளும் நினைக்க வேண்டாம்.

#10 மடிப்பாக்கம் ஹெரால்டு

அண்ணா, அந்தத் தார்ப் பீப்பாய்த் துண்டை எக்காரணம் கொண்டும் மாற்றாதீர்கள். உங்கள் பதிவை வீட்டில் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

முடிவு செய்துவிட்டேன். தகடுதான். பக்கத்து டிங்கரிடம் ஐயா சொன்னதையெல்லாம் காட்டினேன். அவரும் ஆர்வமாகிவிட்டார், 'நான் சின்ன வயசில் இதெல்லாம் என் குருவிடம் பார்த்தது, இப்போது யாரும் கேட்பதில்லை' என்றார். இதற்கிடையில் வேறொரு கேள்வி. டிக்கி கைப்பிடியின் குரோமில் முழுக்கப் பொரிப் பொரியாகக் குழி விழுந்திருக்கிறது. திரும்ப முலாம் போடக் கொடுத்தால் எடுக்க மாட்டேன் என்கிறார்கள்.

#11 காவிரிக்கரை

எடுக்க மாட்டார்கள், அது மசாக். துத்தநாகக் கலவை. குழி விழுந்துவிட்டால் சுரண்டச் சுரண்ட உள்ளே போய்க்கொண்டே இருக்கும். நான் என் வண்டிக்கு இதே பிரச்சினைக்கு கும்பகோணம் பக்கம் போனேன். நாச்சியார்கோயிலில் குத்துவிளக்கு வார்க்கும் ஒரு பட்டறையில் பித்தளையில் வார்த்துக் கொடுத்தார்கள். காவிரி வண்டல் மண்ணில் அச்சு. பித்தளை என்றால் குரோம் முலாம் அருமையாகப் பிடிக்கும், நாளைக்குக் குழி விழுந்தாலும் தேய்த்து மறுபடி போடலாம்.

ஆனால் முதல் தடவை நான் ஏமாந்தது எங்கே என்றால், பழைய கைப்பிடியையே மண்ணில் பதித்து அச்செடுத்தேன். பித்தளை ஆறும்போது நூற்றுக்கு ஒன்றரை அளவு சுருங்கும். 20 சென்டிமீட்டர் கைப்பிடி என்றால் 3 மில்லி குறைந்துவிடும். வந்த கைப்பிடி பார்க்க அச்சு அசல், டிக்கியில் வைத்தால் இரண்டு போல்ட் துளையும் பொருந்தவில்லை. பட்டறைப் பெரியவர் சிரித்துக்கொண்டே, 'விளக்குக்குத் தண்டு வார்க்கும்போது நாங்கள் எப்போதும் கூட்டித்தான் வைப்போம், நீங்கள் சொல்லவே இல்லையே' என்றார். அடுத்த தடவை மரத்தில் அந்த அளவு பெரிதாக்கிச் செதுக்கிக் கொடுத்தேன், சரியாக உட்கார்ந்தது.

பேட்ஜ் மாதிரி நுணுக்கமான எழுத்துள்ள பாகம் என்றால் மண் அச்சில் எழுத்தின் கூர்மை போய்விடும். அதற்கு சுவாமிமலை பக்கம் மெழுகு வார்ப்பில் செய்பவர்களைக் கேளுங்கள். மெழுகில் எழுத்தைச் சீர்செய்து கொடுத்தால் அப்படியே உலோகத்தில் வரும்.

#12 மடிப்பாக்கம் ஹெரால்டு

மூன்று வாரம் கழித்து வருகிறேன். ஒரு சிக்கல், அவசரம்.

கதவின் கீழ்த்துண்டு நன்றாக வந்தது. டெம்ப்ளேட்டில் வெளிச்சம் தெரியவில்லை. உள் சட்டத்தின் அடித்தட்டையும் புதிதாக மடித்தோம். வெளித்தகட்டைக் கதவின் நடுவில், சமதளமாக இருந்த இடத்தில் வெட்டி, ஓரத்தோடு ஓரம் சேர்த்து கேஸ் வெல்டிங் வைத்தோம். முதலில் அங்குலத்துக்கு ஒரு புள்ளி, அதுவரை சரி. அப்புறம் ஒரே இழுப்பில் கோடு முழுக்க ஓட்டிவிட்டோம். ஆறியதும் பார்த்தால் கதவு அலை அலையாக வீங்கி நிற்கிறது. கோட்டுக்கு மேலேயும் கீழேயும் அப்பளம் மாதிரி. அமுக்கினால் டொக்கென்று உள்ளே போய் மறுபடி வெளியே வருகிறது. வீங்கின இடத்தில் சூடு வைத்துச் சுருக்கலாமா?

#13 கோவை பட்டறை

சுருக்காதீர்கள்! இதை மகன் படித்தவுடன் சாப்பாட்டிலிருந்து எழுந்து வந்து சொல்கிறேன்.

வீங்கினது போலத் தெரியும் இடத்தில் கோளாறு இல்லை. சுருங்கியிருப்பது வெல்டிங் கோடு. உருகின உலோகம் ஆறும்போது இறுகி, பக்கத்துத் தகட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. இழுக்கப்பட்ட தகடு போக இடமில்லாமல் வெளியே புடைக்கிறது. அதைப் போய்ச் சுருக்கினால் முழுக் கதவும் இறுகி மீட்கவே முடியாது.

கோட்டின் மேல் நிற்கும் வெல்டிங் மேட்டை மட்டும் மெதுவாக ராவுங்கள். கிரைண்டரைச் சூடேற விடாதீர்கள். ராவியபின் டாலியை, அதாவது கையில் பிடிக்கும் இரும்புத் தாங்குகட்டையை, கோட்டுக்கு நேர் அடியில் உள்பக்கம் அழுத்திப் பிடித்து, சுத்தியால் மேலிருந்து அந்தக் கோட்டின் மேலேயே அடியுங்கள். சுத்தியும் டாலியும் நடுவில் தகட்டைக் கடிக்க வேண்டும். டிங் என்று கெட்டியான சத்தம் வந்தால் சரியாக விழுகிறது, மந்தமான சத்தம் வந்தால் டாலி விலகியிருக்கிறது. ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போங்கள். கோடு நீள நீள வீக்கம் தானாக அடங்கும்.

அடுத்த கதவில் ஒட்டை நடுச் சமதளத்தில் வைக்காதீர்கள். தகடு நேராக இருக்கும் இடத்தில்தான் அலை சுலபமாக விழும். மடிப்புக்கோடோ வளைவோ இருந்தால் அதை ஒட்டிக் கீழே வெட்டுங்கள், அந்த மடிப்பே தகட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். வெல்டிங்கும் ஒரே இழுப்பில் வேண்டாம். அரை அங்குலம் இங்கே, அரை அங்குலம் அங்கே, கை வைத்துப் பார்த்துச் சூடு ஆறியதும் அடுத்தது.

#14 ஆவடி அம்பாசிடர்

கடைசிக் கால் மில்லிக்குப் பட்டிதான் போடப் போகிறீர்களா, அல்லது ஈயமா?

#15 கோவை பட்டறை

இரண்டும் செய்யலாம். ஈயம் எனக்குப் பிடித்த வேலை. 70 பங்கு ஈயம், 30 பங்கு வெள்ளீயம் சேர்ந்த குச்சி. 183 டிகிரியில் இளக ஆரம்பிக்கும், முழுக்க உருகி ஓடுவதற்குள் இடையில் வெண்ணெய் மாதிரி ஒரு நிலை வரும். அந்த நேரத்தில் கொழுப்புத் தடவிய மரத்துடுப்பால் தள்ளிப் பரப்ப வேண்டும். கை பழகினால் அழகான வேலை. ஆனால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது, ஈயத் தூசி மூச்சில் போகும். அரத்தால் மட்டும் ராவி, விழுந்த தூளைக் கூட்டி எடுத்துவிட வேண்டும். குழந்தைகள் நடமாடும் வீட்டு முற்றத்தில் வேண்டவே வேண்டாம். தம்பி வீட்டில் செய்கிறார் என்பதால் நல்ல பட்டியே போதும். பட்டி தப்பான பொருள் இல்லை. தகடு இருக்க வேண்டிய இடத்தில் அதை வைப்பதுதான் தப்பு.

#16 மடிப்பாக்கம் ஹெரால்டு

ஐயா, சரியாகிவிட்டது!

ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தோம். நான் டாலி பிடித்தேன், டிங்கர் அடித்தார். முதல் கால் மணி நேரம் ஒன்றும் தெரியவில்லை, எனக்குப் பயமாகிவிட்டது. நீங்கள் சொன்ன அந்த டிங் சத்தத்தைக் கேட்டுக்கேட்டுத்தான் டாலியை நகர்த்தினேன். கோட்டின் நடுவைத் தாண்டும்போது, மேல் பக்கத்து வீக்கம் ஒரு பெருமூச்சு விட்ட மாதிரி உள்ளே அமர்ந்தது. கையை விரித்துக் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தேன். ஒட்டு எங்கே என்று விரலுக்குத் தெரியவில்லை.

கீழ் மடிப்பை மடக்குவதற்கு முன், உள்பக்கத்தில் எழுத்து பொறிக்கும் இரும்பு பஞ்ச்சால் வருடத்தையும் டிங்கரின் பெயர் முதலெழுத்தையும் அடித்தோம். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருடத்தில் தன் வேலையில் பெயர் போட்டது இதுதான் முதல் தடவை என்றார்.

துளைகளைப் பழைய அளவிலேயே விட்டிருக்கிறோம். கதவை மாட்டி, கண்ணாடி மேல் ஒரு குடம் தண்ணீரை மெதுவாக ஊற்றினேன். அடியில் மூன்று துளையிலும் சொட்டுச் சொட்டாக வந்து ஐந்து நிமிடத்தில் நின்றது. காய்ந்ததும் உள்ளே மெழுகு அடிக்கிறோம். கதவைச் சாத்தினால் பழைய சத்தம். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

அடுத்த வாரம் இடது கதவு, மடிப்புக்கோட்டை ஒட்டி வெட்டப் போகிறோம். கண்ணாடி ஓர ரப்பர் பீடிங் எங்கே கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நல்லது.

#17 கோவை பட்டறை

பீடிங்குக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கேட்டுப் பாருங்கள் தம்பி. வண்டிப் பெயரைச் சொன்னால் இல்லை என்றுதான் சொல்வார்கள். பழைய பீடிங்கில் நசுங்காத இடமாகப் பார்த்து இரண்டு அங்குலத் துண்டு வெட்டி எடுத்துப் போய், அதன் குறுக்குவெட்டை வைத்து ஒப்பிட்டு வாங்குங்கள். டிங்கருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.